சிறு விமானத்தில் மின்சாரப் பங்கீடு

பெங்களூரிலுள்ள தேசிய வான்வெளி ஆய்வுக்கூடம் வடிவமைத்த ‘சரஸ்’ விமானம் 2004 மே 29-ஆம் நாள் முதன்முறையாகப் பறந்தது. 14 பேர் அமரத்தக்க அதன் பின்பகுதியில் இரு எஞ்சின்கள் உள்ளன. இத்தகைய விமானங்களிலும், கம்பெனி அதிகாரிகள் பயணம் செய்யும் சிறு ஜெட் விமானங்களிலும் பெரும்பாலும் 28 வோல்ட் நேர்மின்னோட்டமே கையாளப்படுகிறது.

28 என்ற எண்ணுக்குக் காரணம் எளிது. 1.2 வோல்ட் தரும் நிக்கல்-காட்மியம் கலங்கள் 20 சேர்ந்தால் 24 வோல்ட் பாட்டரி ஆகும். அதற்கு மின்னேற்றம் செய்ய, மின்னாக்கியின் அழுத்தம் சற்று மிகுந்திருத்தல் வேண்டும். மோட்டார் காரின் 12 வோல்ட் பாட்டரிக்கு ஏறத்தாழ 14 வோல்ட் அளிப்பதும் இதுபற்றியே.

குறைந்த அழுத்தத்திற்கு ஒரு விலை உண்டு. 8,400 வாட் பெற 28 வோல்டில் 300 ஆம்பியர் ஓடவேண்டும். கம்பி பருக்கும், எடை கூடும். பெரிய விமானங்களில் வழங்கும் 115 வோல்ட், 400 சுழற்சி மாறுமின்னோட்டத்தில் ஒருமுகக் கணக்குப்படி 73 ஆம்பியரே போதும். ஆயினும் சிறு விமானத்தில் கம்பியின் நீளம் குறைவு. மேலும், நேர்மின்னோட்டப் பொறி ஒன்றே முதலில் மோட்டாராக எஞ்சினைச் சுழற்றித் தொடக்கி, பின்னர் மின்னாக்கியாகவும் பணிபுரியும்.

வடிவமைப்பாளரின் உண்மையான சோதனை, பழுது நேரும்போது எதை முதலில் அணைப்பது என்பதேயாகும். ஒவ்வொரு மின்னாக்கியும் தனக்குரிய பஸ்பாருக்கு மின்சாரம் தரும். ஒன்று நின்றால் இணைப்புச் சுவிட்சு மூடி, மற்றது இரண்டையும் தாங்கும். அப்பொழுது உணவு சூடாக்கும் அடுப்பு போன்றவை துண்டிக்கப்படும். இரண்டும் நின்றால் பாட்டரி மட்டுமே துணை. இன்றியமையாக் கருவிகளை அது 30 நிமிடமாவது இயக்க வேண்டுமெனச் சிறு விமானங்களுக்கான அமெரிக்க விதிகள் நெடுங்காலம் கூறிவந்தன.

ஆசிரியர்கள் இதை வகுப்பில் கணக்காகத் தரலாம். 40 ஆம்பியர்-மணி பாட்டரியில் 40 ஆம்பியர் சுமை ஒரு மணி நேரம் நிற்கும்; இது தாளில் மட்டுமே. குளிரும் வயதும் பாட்டரியின் கொள்ளளவைக் குறைக்கும். நின்ற எஞ்சினை மீண்டும் தொடக்க முயன்றாலோ, ஒவ்வொரு முயற்சியும் சில நூறு ஆம்பியரை விழுங்கும். ரேடியோவுக்கு எஞ்சுவது சுருங்கும்.

வானில் எஞ்சினை மீளத் தொடக்குவது மின்சாரத்தை மட்டும் பொறுத்ததன்று. 2009 மார்ச் 6-ஆம் நாள் அத்தகைய சோதனையின்போது ‘சரஸ்’ விமானத்தின் இரண்டாம் மாதிரி பிடதிக்கு அருகே வீழ்ந்து, விமானப்படையினர் மூவர் உயிரிழந்தனர். மறுதொடக்க நடைமுறை சரியாக வகுக்கப்படவில்லை என்றும், உயரமும் போதவில்லை என்றும் விசாரணை கண்டது. திருத்தியமைக்கப்பட்ட முதல் மாதிரி 2018 ஜனவரி 24-ஆம் நாள் பெங்களூரில் மீண்டும் பறந்தது.