இரும்பு கரையும் இடம்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, செங்கல் பக்கத்து ஊடுவழிகளில் போனால், வாழைக்கும் ரப்பருக்கும் நடுவே ஏதாவது ஒரு வீட்டுக் கார் ஷெட்டில் பழைய அம்பாசிடர் ஒன்று நிற்பதைப் பார்க்கலாம். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போனது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. வண்டிகளின் பதிவு எண்ணும் அதோடு பிரிந்தது. இன்றைக்குக் கேஎல்-19 என்றால் பாறசாலை, கேஎல்-20 என்றால் நெய்யாற்றின்கரை, டிஎன்-75 என்றால் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் மார்த்தாண்டம். மழைக்கும் கடற்காற்றுக்கும் இந்தக் கோடு தெரியாது. எல்லைக்கு இரண்டு பக்கமும் டிங்கரிங் பட்டறைகளுக்கு வரும் நோய் ஒன்றுதான்.

பின்கதவுக்குக் கீழே பெயின்ட் ஒரு ரூபாய் நாணய அளவுக்குக் கொப்பளித்திருக்கும். வண்டிக்காரர் அதைத்தான் காட்டுவார். டிங்கர் ஒரு ஸ்குரூ டிரைவரின் நுனியை அதில் வைத்து மெல்ல அழுத்துவார். எதிர்ப்பே இல்லாமல் நுனி உள்ளே போய்விடும். அடுத்து வண்டிக்கு அடியில் படுத்து அதே இடத்தைத் தட்டினால், பழுப்பு நிறச் செதில்கள் கைப்பிடிக் கணக்கில் கொட்டும். வெளியே நாணய அளவு, உள்ளே ஒரு முழம். ஏன் இப்படி என்பதற்குப் பதில் ஒரு சொட்டு உப்புத் தண்ணீரில் கிடைத்தது.

கேம்பிரிட்ஜில் 1920களில் யூலிக் எவன்ஸ் என்ற விஞ்ஞானி, நன்றாகத் தேய்த்து மெருகேற்றிய இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு உப்பு நீரை வைத்துக் கவனித்தார். இரும்பு கரையும் இடத்தில் நீலமாகவும், காரத்தன்மை கூடும் இடத்தில் இளஞ்சிவப்பாகவும் மாறும் நிறங்காட்டிகளை அந்த நீரில் கலந்து வைத்தால், கொஞ்ச நேரத்தில் துளியின் நடுவில் நீலமும் ஓரத்தில் இளஞ்சிவப்பும் தெரியும். துரு இவை இரண்டுக்கும் இடையே வளையமாகப் படியும். ஓரத்தில் தண்ணீர் மெல்லியது. அங்கே காற்றிலிருந்து ஆக்சிஜன் தாராளமாக வந்து சேரும். நடுவில் தண்ணீர் ஆழம். ஆக்சிஜன் எட்டுவது கடினம். ஆக்சிஜன் மிகுந்த ஓரம் எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டே இருக்கிறது. அவற்றைக் கொடுப்பது நடுவிலுள்ள இரும்பு. கொடுத்துக்கொண்டே அது கரைகிறது. ஒரு சொட்டுக்குள் ஒரு பேட்டரி ஓடுகிறது.

துருவுக்கு ஆக்சிஜன் வேண்டும் என்று பள்ளியில் படித்தோம். அது சரிதான். ஆனால் இரும்பு தேய்வது, ஆக்சிஜன் குறைவாக இருக்கும் மூலையில். பழுப்பு நிறம் தெரியும் இடம் வேறு, இரும்பு காணாமல் போகும் இடம் வேறு. பழைய காரின் உடலைப் பற்றி அறிய வேண்டியதில் பாதி இந்த ஒரு சோதனையில் அடங்கிவிடுகிறது என்பேன்.

கார் உடல் என்பது தகடுகளை அழுத்தி வளைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஓரத்தை வைத்து, ஸ்பாட் வெல்டிங்கால் இடைவிட்டு ஒட்டியது. இரண்டு பொட்டுகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும். தண்ணீர் அதில் தானாக ஏறி உட்கார்ந்துகொள்ளும், ஆக்சிஜன் ஏறாது. எவன்ஸின் துளியில் நடுப்பகுதி எதுவோ, காரில் அதுதான் இந்த இடுக்கு. அங்கே உருவாகும் துரு, கரைந்துபோன இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதனால் தகடுகள் இரண்டும் விலகும், இடுக்கு அகலும், இன்னும் தண்ணீர் ஏறும். வெளியே நாம் பார்க்கும் கொப்புளம், உள்ளே பல மழைக்காலம் நடந்து முடிந்த வேலை.

இந்த ஊர்களின் காற்று அந்த வேலைக்கு இடைவேளையே தருவதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் திடீரென்று கூடுகிறது என்பதை டபிள்யூ.ஹெச்.ஜே. வெர்னான் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கண்டறிந்தார். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை, துலாமழை எனும் வடகிழக்குப் பருவமழை இரண்டுமே பெய்யும் தென்கேரளத்தில் அந்த அளவுக்குக் கீழே இறங்கும் நாட்கள் கொஞ்சம்தான். பொழியூர், பூவாறு பக்கம் கடலிலிருந்து வரும் உப்புத் தூசி வேறு. சமையல் உப்பு 75 சதவீத ஈரப்பதத்தில் தானே நீர் கோத்துக் கரையும். கடல் உப்பிலுள்ள மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதாவது, மழையே பெய்யாத மத்தியானத்திலும் உப்பு ஒட்டிய தகடு நனைந்துதான் இருக்கிறது. கடலிலிருந்து உள்ளே போகப் போக உப்பு சட்டென்று குறையும் என்பதால் பொழியூர் வண்டியும் பாறசாலை வண்டியும் ஒரே வேகத்தில் கெடாது. ஆனால் டிக்கியில் மீன்கூடை ஏற்றிய வண்டிக்கு இந்தச் சலுகை கிடையாது. கூடையிலிருந்து வடிந்த உப்புத் தண்ணீர் டிக்கியின் அடித்தகட்டு மூலையில் போய்த் தங்கிவிடும்.

எவ்வளவு வேகம்? அரிப்பு வேகத்தை வகைப்படுத்தும் ஐ.எஸ்.ஓ. 9223 தரநிலையில் 'சி5' என்ற கடுமையான பிரிவு, பூச்சில்லாத எஃகு முதல் ஆண்டில் 80 முதல் 200 மைக்ரான் வரை தேயும் என்கிறது. கார் உடலுக்குப் பட்டறைகளில் வாங்கும் 20 கேஜ் தகட்டின் கனம் சுமார் 900 மைக்ரான். 80 மைக்ரான் வீதம் இரண்டு பக்கமும் தேய்ந்தால் ஆறு வருடத்துக்குள் ஓட்டை விழும். இந்தியாவில் எந்த ஊரில் இரும்பு எவ்வளவு தேய்கிறது என்று தகடுகளை வெயிலிலும் மழையிலும் வைத்து அளந்து நாட்டுக்கே வரைபடம் தயாரித்தது, காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்த நிறுவனம் அது. நம் ஊர்த் துருவைப் பற்றி உலகம் அறிந்ததில் பெரும்பங்கு அங்கிருந்து போனது.

இனி பட்டறைக்குள் போகலாம். அம்பாசிடருக்கு லாரிக்கு இருப்பதுபோலத் தனிச் சேசிஸ் கிடையாது. உடற்கூடே பாரம் தாங்குகிறது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 என்ற ஆங்கிலக் காரின் அமைப்பை வாங்கி, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் இறுதியிலிருந்து 2014 மே வரை மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் தயாரித்த வண்டி. கதவுகளுக்கு அடியில் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை நீளும் உட்கூடான பெட்டிதான் அதன் முதுகெலும்பு. துருவுக்குப் பிடித்த இடமும் அதுவே. பெட்டி இற்றுவிட்டால் வண்டி நடுவில் லேசாகத் தொய்யும். கதவு சாத்தும்போது இடிக்கும். கதவு இடிக்கிறது என்று கீலைச் சரிசெய்துகொண்டே பல வருடம் ஓட்டியவர்கள் உண்டு. கீலில் கோளாறு எதுவும் இராது.

அனுபவமுள்ள டிங்கர் உடனே வெட்ட மாட்டார். முதலில் வண்டியைச் சமமாகத் தாங்கி நிறுத்துவார். கதவைக் கழற்றி, கதவு இருந்த வாயிலின் குறுக்கே இரும்புக் குழாயைப் பற்றவைப்பார். மூலைக்கு மூலை டேப்பு வைத்து அளந்து, இரண்டு குறுக்களவும் எதிர்ப்பக்கத்து வாயிலோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். இதைச் செய்யாமல் பெட்டியை வெட்டினால் வாயில் கோணி, பிறகு எந்தக் கதவும் அதில் பொருந்தாது. அடுத்ததாக, துரு தெரியும் எல்லையைத் தாண்டி, கிரைண்டர் பட்டதும் வெள்ளியாக மின்னும் தகடு வரும் வரை வெட்டுவார். இந்த வெட்டு வண்டிக்காரருக்கு வயிற்றைக் கலக்கும். நாணய அளவு என்று கொண்டுவந்த வண்டியில் கையே நுழையும் ஓட்டை. பாதியில் நிறுத்தச் சொல்லாதீர்கள். இற்ற தகட்டில் வெல்டிங் நிற்காது.

வெட்டிய இடத்துக்கு அட்டையில் அச்செடுத்து, புதுத் தகட்டை அதே வடிவில் வெட்டி, மடக்கித் தட்டிப் பொருத்துவார்கள். இங்கேதான் நல்ல வேலையும் மோசமான வேலையும் பிரிகின்றன. பழைய தகட்டின் மேலேயே புதுத் தகட்டை வைத்துச் சுற்றிலும் பற்றவைப்பது சுலபம், பார்வைக்கும் தெரியாது. ஆனால் இரண்டு தகட்டுக்கும் நடுவே புதிதாக ஓர் இடுக்கை நாமே செய்து கொடுக்கிறோம். விளிம்போடு விளிம்பு முட்டவைத்துப் பற்றவைத்தால் அந்த இடுக்கு உருவாகாது. அதற்கு இருமடங்கு நேரம் ஆகும், கை நிதானமும் வேண்டும். கூலி கூடக் கேட்டால் கொடுக்க வேண்டிய வேலை இது.

மெல்லிய தகட்டில் வெல்டிங் செய்தால் அது அலை அலையாக நெளிந்துவிடும். ஒரு மீட்டர் நீள எஃகை 100 டிகிரி சூடாக்கினால் 1.2 மில்லிமீட்டர் நீளும். வெல்டிங் சுடரின் கீழே ஒரு சிறு பொட்டு மட்டும் உருகுமளவு சூடாகி விரியப் பார்க்கிறது; சுற்றிலும் இருக்கும் குளிர்ந்த தகடு இடம் தருவதில்லை. பக்கவாட்டில் போக வழியில்லாமல் அந்தப் பொட்டு தடித்துப்போகிறது. ஆறும்போது, தொடங்கியதைவிடச் சிறியதாகச் சுருங்கிச் சுற்றியுள்ள தகட்டை இழுக்கிறது. அதனால்தான் ஒரே மூச்சில் கோடு போடாமல் இங்கே ஒரு பொட்டு, எதிர்முனையில் ஒரு பொட்டு, கை வைத்துப் பார்த்து ஆறியதும் அடுத்தது என்று போகிறார்கள். பிறகு பின்பக்கம் கனத்த இரும்புக்கட்டையைத் தாங்கிப் பிடித்து, முன்பக்கம் வெல்டிங் தடத்தின் மேல் சுத்தியலால் தட்டுவார்கள். தட்டத் தட்டத் தடம் மெலிந்து பரவும். சுருங்கிய இரும்பு தன் பழைய அளவுக்குத் திரும்பும். கேஸ் வெல்டிங் தடம் மிருதுவானது, சுத்தியலுக்கு இணங்கும். சிஓ2 வெல்டிங் வேகமானது, சூடும் குறைவு; ஆனால் அதன் தடம் கடினம், தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

இதே சுருக்கத்தை நோயாக அன்றி மருந்தாகவும் பயன்படுத்துகிறார்கள். நசுங்கி விரிந்துபோன பானெட் தகட்டை விரலால் அழுத்தினால் டொப்பென்று உள்ளே போய் டொப்பென்று வெளியே வரும். அதன் நடுவில் சிறு பொட்டைச் சிவக்கச் சுட்டு, ஈரத்துணியை வைப்பார்கள். சுட்ட இடம் சுருங்கி, சுற்றியிருக்கும் தளர்ச்சியை இழுத்துக்கொள்ளும்; சத்தம் நின்றுவிடும்.

சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் தயாரித்த ஹெரால்டு கார் வேறு சாதி. அதற்குத் தனிச் சேசிஸ் உண்டு. உடற்பகுதிகள் போல்ட் போட்டு மாட்டப்பட்டவை. மட்கார்டுகளோடு சேர்ந்த பானெட் முழுதும் முன்னோக்கிச் சாயும். இங்கிலாந்தின் மூலத் தயாரிப்பாளருக்கு முழு உடலையும் அடித்துக் கொடுக்கப் பெரிய தகட்டு ஆலை கிடைக்காததால், சிறு சிறு துண்டுகளாகச் செய்து பூட்டும்படி வடிவமைத்தார்கள். வியாபார நெருக்கடியில் பிறந்த அந்த ஏற்பாடு, இத்தனை வருடம் கழித்து ஒரு துருப்பிடித்த துண்டை மட்டும் கழற்றி மாற்ற உதவுகிறது.

வெட்டி எடுக்க முடியாத இடங்களில் மேலோட்டமாகப் படிந்த துருவுக்குக் கடைகளில் விற்கும் துருமாற்றித் திரவம் பூசுவார்கள். பலவற்றில் இருப்பது டானின். துருவோடு சேர்ந்ததும் கருநீலமாகி இறுகிவிடும். நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் கலந்து எழுத்துமை காய்ச்சினார்களே, அதே வேதியியல். கடுக்காயில் டானின், அன்னபேதியில் இரும்பு. இந்த அன்னபேதியும் இவ்வூர்க் கடலோரத்துக்கு உறவுதான். மணவாளக்குறிச்சியிலிருந்து சவறா வரையிலான மணலில் கறுப்பாக மின்னும் இல்மனைட், இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனோடு கூடிய தாது. 1946இல் நிறுவப்பட்ட திருவாங்கூர் டைட்டானியம் நிறுவனத்தின் ஆலையில் அதைக் கந்தக அமிலத்தில் கரைக்கும்போது வெள்ளை நிறமி ஒரு பக்கம் வருகிறது, பிரிந்துபோகும் இரும்பு அன்னபேதியாக மறுபக்கம் வருகிறது. அம்பாசிடரின் வெள்ளை பெயின்டுக்கு வெண்மை தருவதும் டைட்டானியம் டையாக்சைடுதான். அதில் ரூட்டைல் என்ற வகையே வெயிலைத் தாங்கும். மற்றொரு வகையான அனடேஸ் வெளிப்புறப் பெயின்டில் இருந்தால் சீக்கிரம் சுண்ணாம்பாக உதிரும்.

துருமாற்றியை நம்பிச் செதிலை விட்டுவைக்கக் கூடாது. அது மேல்தோலை மட்டும் கறுப்பாக்கும். செதிலுக்கு அடியிலுள்ள உப்பு தன் வேலையைத் தொடரும். ஓட்டையின் மேல் பட்டி பூசி மறைப்பது அதைவிட மோசம். பாலியெஸ்டர் பட்டியில் கலந்திருக்கும் டால்க் தூள் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். உள்ளே ஈரம், வெளியே காற்றுப் புகாத பெயின்ட். எவன்ஸின் துளிக்கு இதைவிட வசதியான வீடு கிடையாது. பட்டி, சுத்தியலுக்கு எட்டாத கடைசி ஒரு மில்லிமீட்டர் மேடுபள்ளத்துக்கு உரியது.

50 வயது கடந்த கார்களுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. எண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும், கட்டணம் 20,000 ரூபாய். வண்டி மூல வடிவத்தில் பேணப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இற்ற தகட்டுக்குப் பதில் ஃபைபர் துண்டை ஒட்டிவைக்கும் யோசனை இருந்தால் இதையும் எண்ணிப் பாருங்கள்.

வீட்டில் அப்பாவின் வண்டி நிற்கிறதென்றால், அடுத்த இடவப்பாதிக்கு முன்பே சில வேலைகளை முடித்துவிடுங்கள். கதவுகளின் அடிவிளிம்பிலும் கதவடிப் பெட்டியிலும் தண்ணீர் வடிய வைத்திருக்கும் சிறு துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். சக்கர வளைவுக்குள் ஒட்டியிருக்கும் செம்மண்ணை நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாயால் போர்த்தாதீர்கள். கூரை இருந்தால் அதுவே போதும், காற்று ஓடட்டும். பட்டறையில் புதுத் தகடு வைத்திருந்தால், பெயின்ட் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், பெட்டியின் உட்பக்கம் துத்தநாகப் பிரைமரும் மெழுகும் போனதா என்று கேளுங்கள். போகவில்லை என்றால் அதை அடித்து முடிக்கும் வரை வண்டியை எடுக்காதீர்கள்.