பழைய மீன்தொட்டிக்குப் புதுவாழ்வு

ஒரு காலத்தில் வீட்டு விறாந்தையை அழகுசெய்த கண்ணாடி மீன்தொட்டி, இன்று கோடிப்புறத்து வேலியோரத்தில் கவனிப்பாரற்றுக் கிடப்பதை நம் ஊர்களிற் பல இல்லங்களிலே காண்கிறோம். ஆசையோடு மீன் வளர்த்த பிள்ளைகள் படிப்பின் பொருட்டு வெளியூர் சென்றிருப்பர். அல்லது மீன்கள் ஒவ்வொன்றாக இறந்துபோக, மனஞ்சலித்த பெற்றோர் தொட்டியைத் தூக்கி வெளியே வைத்திருப்பர். காரணம் எதுவாயினும், மழை பெய்தவுடன் அத்தொட்டி நிறைந்துவிடுகிறது. மீனில்லாத அந்த நீரிலே நுளம்பு முட்டையிடுகிறது. ஒரு வாரமோ பத்து நாளோ கழியுமுன் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்புகள் அங்கிருந்து பறக்கத் தொடங்குகின்றன. நுளம்பு பெருக இடமளிப்பதைக் குற்றமாக்கும் சட்டமொன்று நம் நாட்டில் 2007 ஆம் ஆண்டில் நிறைவேறியதும் இத்தகைய கேடுகளைத் தடுப்பதற்கே.

ஆகவே கைவிடப்பட்ட தொட்டியைக் குறித்து நாம் ஒரு முடிவுக்கு வந்தே ஆகவேண்டும். அதனை அகற்றிவிடலாம், அல்லது சீர்செய்து, உறுதியான மரத்தாங்கி ஒன்றின்மேல் ஏற்றி, மீண்டும் உயிர்கள் வாழும் இடமாக்கலாம். பின்னதற்குச் செலவு சிறிது, வேண்டுவது பொறுமையே. பாடசாலை விடுமுறையில் தந்தையும் பிள்ளைகளும் கூடிச் செய்யத்தக்க வேலை இது.

தொட்டி பிறந்த கதை

கண்ணாடிக்குள் மீன் வளர்க்கும் கலை அறிவியலோடு சேர்ந்து வளர்ந்ததாகும். நீர்த்தாவரமும் மீனும் ஒன்றுக்கொன்று துணையாக ஒரே பாத்திரத்தில் வாழக்கூடும் என்பதை இங்கிலாந்து நாட்டு இரசாயன அறிஞர் றொபேட் வாரிங்டன் 1850 ஆம் ஆண்டளவில் எடுத்துக்காட்டினார். 1853 இல் இலண்டன் மிருகக்காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கான மீன்மனை திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி கொஸ் வெளியிட்ட நூல் இப்பொழுதுபோக்கை வீடுகள்தோறும் பரப்பியது. அந்நாளைய தொட்டிகள் இரும்புச் சட்டத்திற் கண்ணாடியைப் பொருத்தி, மக்குப் பூசி அடைத்தவை. சிலிக்கோன் பசை வழக்கிற்கு வந்தபின்னரே, சட்டமின்றிக் கண்ணாடியோடு கண்ணாடி ஒட்டிய இன்றைய தொட்டிகள் பரவின.

முதலிற் பரிசோதனை

பழைய தொட்டியைக் கண்டதும் கழுவத் தொடங்குதல் கூடாது. வெயிலில் வைத்து நான்கு புறமும் உற்றுநோக்குக. சிறு கீறல் இருப்பினும் பாதகமில்லை. அது அழகைக் குறைக்குமேயன்றி வலிமையைக் குறைக்காது. ஆனால் கண்ணாடியில் வெடிப்பு ஓடியிருப்பின், அப்பலகையை மாற்றாது தொட்டியைப் பயன்படுத்துவது ஆபத்து.

இதற்கான காரணத்தை மாணவர்கள் எளிதில் உணர்வர். நீரின் அழுத்தம் ஆழத்தோடு கூடுவது. மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகாலடி உயரமுள்ள தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதனை விளிம்புவரை நிரப்பினால், முன்கண்ணாடியை நீர் வெளியே தள்ளும் விசை ஏறத்தாழ 66 கிலோகிராம் நிறைக்குச் சமமாகும். வளர்ந்த மனிதர் ஒருவர் இரவும் பகலும் அக்கண்ணாடியிற் சாய்ந்து நிற்பது போன்றதே இது.

அடுத்து, தொட்டியை முற்றத்திற் சமதரையில் வைத்து, படிப்படியாக நீர் நிரப்பி, இரண்டு நாள் விட்டுவைக்க வேண்டும். தொட்டியின் கீழே பழைய பத்திரிகைத் தாளை விரித்தால், ஒரு துளி கசிந்தாலும் தாள் காட்டிக்கொடுக்கும்.

அழுக்கும் சுண்ணாம்பும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணக்கற் பாறையின் ஊடாக ஊறி வருவது. ஆதலால் அங்கு பயன்பட்ட தொட்டிகளின் நீர்மட்டத்தை ஒட்டி, வெண்ணிறப் படிவு கல்லைப்போல் இறுகியிருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாத இப்படிவை வினாகிரி கரைத்துவிடும். துணியை வினாகிரியில் நனைத்துப் படிவின்மேல் ஒட்டி, ஒரு மணி நேரம் விட்டுப் பின் சவர அலகாற் சுரண்டினால், கண்ணாடி தெளியும். தேசிக்காய்ச் சாறும் இவ்வேலையைச் செய்யும். சவர்க்காரம் மட்டும் ஆகாது. அது சிறிதளவு எஞ்சினாலும் மீனின் பூக்களைப் பாதிக்கும்.

முந்திய மீன்கள் நோயால் இறந்திருப்பின், வெளிற்றும் தூள் கரைத்த நீரால் தொட்டியைக் கழுவி, நல்ல நீரால் பலமுறை அலசி, நாட்கணக்கில் வெயிலில் உலர்த்துதல் நன்று. இங்கே ஓர் எச்சரிக்கை: வெளிற்றும் தூளையும் வினாகிரியையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்த்தலாகாது. அவை கூடும்போது குளோரீன் என்னும் நச்சுவாயு எழும். ஒரு வேலையை முடித்து, நன்கு அலசிய பின்னரே மற்றையதைத் தொடங்குக. தொட்டியின் உட்சுவரைத் தேய்ப்பதிலும் சோம்பல் கூடாது. டெங்கு நுளம்பின் முட்டை, சுவரில் ஒட்டியபடி ஈரமின்றியும் பல மாதங்கள் உயிர்தாங்கி இருக்க வல்லது.

கசிவை அடைத்தல்

கசிவு கண்ட இடத்தில் மட்டும் சிறிது பசை வைத்து அடைப்பது பலரும் செய்வது. அது நிலைக்காது, ஏனெனில் புதிய சிலிக்கோன், இறுகிய பழைய சிலிக்கோனில் ஒட்டாது. ஆகவே உட்புற மூலைகளில் ஓடும் பழைய பசையை முழுவதும் அலகால் வெட்டி நீக்கி, கண்ணாடியை மதுசாரத்தாற் துடைத்து, புதிய பசையை ஒரே தொடராக இழுத்து, விரலால் அழுத்தி வழித்துவிட வேண்டும். கண்ணாடிகள் இரண்டையும் இணைக்கும் இடைப்பசையே விட்டிருப்பின், தொட்டியைப் பிரித்து ஒட்டுதல் தேர்ந்தோர் கைவேலை.

பசை வாங்கும்போதும் கவனம் வேண்டும். குளியலறைக்கென விற்கப்படும் சிலிக்கோன்களிற் பூஞ்சணத்தைக் கொல்லும் மருந்து கலந்திருப்பதுண்டு. அது மீனையும் கொல்லும். மீன்தொட்டிக்கு உகந்ததெனக் குறித்த பசையையே கேட்டு வாங்குக. பூசியபின் புளித்த மணம் முற்றாக நீங்கும்வரை, ஒரு வாரமேனும் ஆறவிட்டு, மீண்டும் நீர் நிரப்பிச் சோதிக்க வேண்டும்.

பாரம் தாங்கும் மரம்

தொட்டி சீரானதும் தாங்கியைப் பற்றிச் சிந்திப்போம். நாம் எடுத்துக்கொண்ட மூன்றடித் தொட்டி 106 லீற்றர் நீர் கொள்வது. ஒரு லீற்றர் நீரின் நிறை ஒரு கிலோகிராம். நீர்மட்டத்தைச் சற்றுக் குறைத்து வைத்தாலும், கண்ணாடியும் கற்களும் சேர மொத்த நிறை 120 கிலோகிராமைத் தாண்டும். இப்பாரத்தைச் சாதாரண மேசை நெடுநாள் தாங்காது. மரத்தூளை ஒட்டி அழுத்திய பலகையோ, சிந்தும் நீரை உறிஞ்சி ஊதி, ஒரு நாள் சொல்லாமலே இளகிவிடும்.

தேக்கு, பலா, வேம்பு, மகோகனி ஆகியவற்றுள் எதுவும் ஏற்றதே. புதுமரம் வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. பழைய வீட்டுக் கூரையிலிருந்து கழற்றிய தீராந்தியோ, கதவு நிலையோ கிடைத்தால் அது இன்னும் சிறப்பு. ஆண்டுக்கணக்கில் உலர்ந்த மரம் இனி வளையாது. அறுக்குமுன் பழைய ஆணிகளைத் தேடிப் பிடுங்குதலும், கறையான் அரித்த பகுதியைக் கழித்தலும் அவசியம்.

இரண்டங்குலச் சதுரமான நான்கு கால்கள். உயரம் இரண்டரை அடி. மேலே மூன்றடிக்கு ஓரடியான சட்டகம். தரையிலிருந்து நான்கங்குல உயரத்தில் அதேபோன்ற இன்னொன்று. இவ்வளவே தாங்கியின் உடல். இதிற் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. மேற்சட்டகம் கால்களின் தலைமீது நேரே அமரவேண்டும். கால்களின் பக்கத்தில் ஒட்டவைத்துத் திருகாணியால் முடுக்கினால், முழுப் பாரத்தையும் அத்திருகாணிகளே சுமக்கும். மரத்தின் பாரம் மரத்தில் இறங்க, திருகாணி பிடித்துக்கொள்ள மட்டும் உதவுவதே முறை. ஓடாவியார் காலிலே துளை குடைந்து, குறுக்குச் சட்டத்தின் நுனியைக் கழுந்தாகச் சீவிப் பொருத்துவது இக்காரணம் பற்றியே.

நேராக அழுத்தும் பாரத்தைக் கால்கள் தாங்கும். பக்கவாட்டில் ஆடுவதை அவை தடுக்கமாட்டா. எனவே பின்புறத்தில் மூலைக்கு மூலை ஒரு சட்டத்தைச் சாய்வாக அறைக. ஓரடி அகலத்தில் உயர்ந்து நிற்கும் பொருள், சிறுபிள்ளை பிடித்து ஏறினாற் சரியக்கூடும். ஆதலால் தாங்கியைச் சுவரோடு பிணைத்துவிடுதல், குழந்தைகள் உள்ள வீட்டில் தவிர்க்கக்கூடாத காவலாகும்.

பின்னர் அரத்தாளால் தேய்த்து, வார்ணிசு இரண்டு மூன்று முறை பூசி, மணம் போக உலர்த்துக. மேலே தடித்த பலகை ஒன்றைப் பரப்பி, நீர்மட்டக் கருவியால் நீளத்திலும் அகலத்திலும் சமன் பார்க்க வேண்டும். சட்டமில்லாத் தொட்டியாயின், கண்ணாடிக்கும் பலகைக்கும் இடையே அரையங்குல ரெஜிபோம் தகடு வைத்தால், மணலொன்று உறுத்திக் கண்ணாடி வெடிக்கும் அபாயம் நீங்கும். அடியிற் பிளாஸ்ரிக் சட்டமுள்ள தொட்டிக்கு அது வேண்டியதில்லை. காற்றுப் பம்பியின் மின்கம்பியைச் செருகிக்குக் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால், கம்பிவழி ஓடும் நீர்த்துளி மின்னிணைப்பைச் சேராது கீழே சொட்டிவிடும்.

மீன் எப்பொழுது வரலாம்?

தொட்டியும் தாங்கியும் ஆயத்தம்; பிள்ளைகளோ அன்றே மீன் வாங்கத் துடிப்பர். முன்னைய மீன்கள் இறந்துபோனமைக்கும் பெரும்பாலும் இந்த அவசரமே காரணம். மீனின் கழிவிலிருந்து அமோனியா என்னும் நஞ்சு தோன்றுகிறது. கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இந்த நுண்ணுயிர்கள் கற்களிலும் வடியிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அதுவரை வேலம்பாசி போன்ற தாவரங்களை நட்டு, கடினமான இரண்டொரு கப்பி மீன்களோடு தொடங்கி, உணவைக் குறைத்து, வாரந்தோறும் காற்பங்கு நீரை மாற்றிவருக. நகரத்துக் குழாய்நீராயின், குளோரீன் நீங்க ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்தே ஊற்றுக.

சுண்ணாம்பு மிகுந்த கிணற்று நீருக்குக் கப்பியும் மொலியும் பொருந்தும். மென்னீர் உள்ள இடங்களில் வாழ்வோர், நம் நாட்டுக்கே உரிய மீன்களை வளர்க்கலாம். தெரணியகல 1929 இல் உலகிற்கு அறிமுகஞ்செய்த செந்நிறச் சிறுமீனைச் சிங்கள மக்கள் ‘லே தித்தேயா’ என்பர். வெற்றிலை சப்பியது போன்ற நிறமுடைய இன்னொன்றுக்கு ‘புலத் ஹபயா’ என்று பெயர். இவ்விரண்டும் மழைக்காட்டு ஓடைகளில் வாழ்பவை. உலகெங்கும் தொட்டிகளிற் புகழ்பெற்றவை. ஆயின் ஓடையிற் பிடித்தவற்றை வாங்காது, பண்ணையிற் பெருக்கியவற்றையே கேட்டு வாங்குதல் நம் கடமை.

வளர்க்க இயலாது போனாலும், மீனையோ பாசியையோ குளத்தில் விடுதல் கூடாது. 1939 இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட சல்வீனியா என்னும் நீர்ச்செடி, வயல்களையும் வாய்க்கால்களையும் மூடி விவசாயிகளை வருத்திய கதை பெரியோர் அறிந்ததே. தொட்டிச் சுவரைத் துப்புரவாக்கவென விற்கப்படும் உறிஞ்சுவாய்க் கெளுத்தி, இன்று நம் நீர்நிலைகளிற் புகுந்து உள்ளூர் மீன்களுக்குப் போட்டியாகிவிட்டது. இயலாதோர் மீனைக் கடைக்காரரிடமோ, வளர்க்கும் அயலவரிடமோ கொடுத்துவிடலாம்.

வாரம் ஒருமுறை நீர் மாற்றுவதும், நாள்தோறும் அளவறிந்து இரையிடுவதும் சிறு வேலைகளே. ஆயினும் தன்னை நம்பியிருக்கும் உயிரொன்று பசித்திருக்குமே என்று விளையாட்டை இடையில் விட்டு எழுந்துவரும் பிள்ளை, பொறுப்பு என்பதன் பொருளைக் கற்றுக்கொள்கிறது. வேலியோரத்துத் தொட்டியிலே இன்று தேங்கியிருக்கும் மழைநீரை முதலிற் கவிழ்த்து ஊற்றுங்கள். மற்றைய வேலைகளை வரும் விடுமுறையிற் தொடங்கலாம்.