சாமைச் சோறு எங்கே போயிற்று?

நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை அது. அடிவாரத்திலுள்ள காரவள்ளியில் ஏறத் தொடங்கும் பேருந்து, 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால்தான் மேலே போய்ச் சேரும். கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டருக்கும் மேலே உள்ள ஊர்கள் அவை.

இங்கு வாழும் பழங்குடியினருக்கு மலையாளிகள் என்று பெயர். மலைவாழ் மக்கள் என்ற பொருளில் வழங்கும் பெயர் இது, கேரளத்தாரைக் குறிப்பதன்று. தலைமுறை தலைமுறையாக இவர்களுடைய உணவு சாமைச் சோறு, தினை, கேழ்வரகுக் களி. பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, செந்தினை, பெருந்தினை, சட்டைக் கேவுரு என்று எத்தனையோ வகைகளை அவர்கள் காத்து வந்தார்கள். சரிவான நிலம், மானாவாரிச் சாகுபடி. ஆனாலும் வீட்டுக் குதிரில் தானியம் இருந்தது.

கடந்த சில பத்தாண்டுகளில் இந்த வயல்கள் பெரிதும் சுருங்கிவிட்டன. சாமைச் சோறு விருந்துக்கும் திருவிழாவுக்கும் உரியதாகிவிட்டது. ஏன் இப்படி ஆயிற்று?

மூன்று காரணங்கள்

முதற் காரணம் மரவள்ளிக் கிழங்கு. சேலம், நாமக்கல் பகுதிகளில் ஜவ்வரிசி ஆலைகள் மிகுதி. அவற்றுக்குக் கிழங்கு தேவை. சாலை வசதி வந்தபின் மலைக் கிழங்கு லாரியேறிக் கீழே இறங்கியது. பணம் கைக்கு வந்தது. அதில் பிள்ளைகள் படித்தார்கள், வீடுகள் எழும்பின. ஆகவே மரவள்ளியைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் விற்பனைப் பயிருக்கு ஒரு குணம் உண்டு. விலை சரிந்தால் வீட்டில் பணமும் இராது, குதிரில் தானியமும் இராது. கிழங்கையே உண்டு காலம் தள்ளலாம் என்றால், 100 கிராம் பச்சைக் கிழங்கில் உள்ள புரதம் 2 கிராமுக்கும் குறைவு.

இரண்டாவது காரணம் நியாய விலைக் கடை அரிசி. பசியை விரட்டியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. எளிதில் கிடைப்பதையும் எளிதில் வேகுவதையும் மக்கள் விரும்புவது இயல்பே.

மூன்றாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. அதுதான் உமி!

எண்ணிப் பார்த்தால் தெரியும்

ஒரு கிலோ நெல்லில் ஏறக்குறைய 50 ஆயிரம் மணிகள் இருக்கும். ஒரு கிலோ சாமையிலோ 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட மணிகள்! ஒவ்வொரு மணியையும் வழவழப்பான, கெட்டியான உமி இறுகப் பற்றிக்கொண்டிருக்கிறது. அதை நீக்கினால்தான் சாமை அரிசி கிடைக்கும்.

நெல் அரைக்கும் ஆலையில் சாமையைப் போட்டால் என்ன ஆகும்? பெரிய மணிக்காக அமைந்த அந்த இயந்திரத்தில் சிறு மணிகள் பல உமியோடு தப்பி விழும்; மற்றவை நொறுங்கும். எனவே பெண்கள்தாம் உரலில் இட்டு உலக்கையால் குத்த வேண்டும். குத்தியதைப் புடைக்க வேண்டும். மறுபடி குத்த வேண்டும். பகலெல்லாம் வயலில் உழைத்தவர், இரவுச் சோற்றுக்காக மணிக்கணக்கில் உலக்கை பிடிக்க வேண்டியிருந்தது. கடையில் அரிசி கிடைக்கும்போது யார்தான் அந்தப் பாட்டைப் படுவார்கள்?

கேழ்வரகு தப்பியது எப்படி?

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். சிறுதானியங்கள் எல்லாவற்றுக்கும் இந்தத் தொல்லை இல்லை. கேழ்வரகுக் கதிரை அடிக்கும்போதே மேலுறை உதிர்ந்து மணி தனியே வந்துவிடும். அதை அப்படியே மாவாக அரைக்கலாம். கம்பிலும் சோளத்திலும் தொலியைப் போக்கக் குத்துவதுண்டு. ஆனால் கெட்டியான உமி இல்லை. சாமை, தினை, வரகு, குதிரைவாலி, பனிவரகு போன்றவைதான் உமிக்குள் அடைபட்டவை.

கேழ்வரகுக் கூழும் களியும் ஊரெங்கும் ஓரளவு நிலைத்திருக்க, சாமையும் தினையும் விரைவாக மறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2023-ஆம் ஆண்டு நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் நியாய விலைக் கடை வழியே சிறுதானியம் வழங்கத் தொடங்கியபோதும், முதலில் வந்தது கேழ்வரகே.

கேழ்வரகை முழுமணியாக அரைப்பதால் அதன் சத்து வீணாவதில்லை. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 360 மில்லி கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10 மில்லி கிராம் கூட இல்லை. சாமையின் சிறப்பு வேறு. 100 கிராமில் சுமார் 10 கிராம் புரதம். அரிசியில் 8 கிராம். நார்ச்சத்தோ அரிசியில் உள்ளதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

ஆலை வந்தது

வேளாண் விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதன் 1988-ஆம் ஆண்டு சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தை அமைத்தார். அந்நிறுவனத்தார் 1990-களில் கொல்லிமலையில் பணி தொடங்கினர். மறைந்துவரும் வகைகளின் விதையைக் காப்பது அவர்களது நோக்கங்களில் ஒன்று. ஊர்தோறும் விதை வங்கிகள் ஏற்பட்டன. விதையைக் கடனாகப் பெற்று, அறுவடைக்குப் பின் சற்றுக் கூட்டித் திருப்பித் தரும் ஏற்பாடு அது.

ஆனால் விதையைக் காப்பது மட்டும் போதுமா? உண்பவர் இல்லாவிட்டால் விதைப்பவரும் இரார். சில ஆண்டுகள் விதைக்காமலே வைத்திருந்தால் விதை முளைக்கும் திறனை இழந்துவிடும். ஆகவே, உலக்கைக்கு மாற்றுத் தேடுவதும் விதையைக் காக்கும் வேலையே ஆயிற்று. சிறுதானியத்துக்கு ஏற்ற உமி நீக்கும் இயந்திரங்கள் மலைக்கு வந்தன. அவற்றை நடத்தும் பொறுப்பு ஊரார் அமைத்த சுய உதவிக் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

இத்தகைய இயந்திரங்களில் ஒரு வகை எப்படி வேலை செய்கிறது தெரியுமா? வேகமாகச் சுழலும் தட்டு ஒன்று தானியத்தைச் சுற்றுச் சுவரில் வீசியெறிகிறது. மோதிய அதிர்ச்சியில் உமி வெடிக்கிறது. காற்றாடி, இலேசான உமியை ஊதித் தள்ளுகிறது. பாட்டி முறத்தில் புடைத்ததும் இதே தத்துவம்தான்! உமி நீங்காத மணிகளைச் சலித்துப் பிரித்து மறுபடி உள்ளே அனுப்புகிறார்கள்.

ஆலை வந்த உடனே மலை முழுதும் சாமை வயலாகிவிடவில்லை. மரவள்ளி இன்றும் அங்கே பெரிய வருவாய்ப் பயிர். ஆயினும் சாமை சமைக்க வேண்டுமானால் உலக்கை பிடித்தே ஆகவேண்டும் என்ற நிலை ஆலை எட்டும் ஊர்களில் மாறியது. மிகுந்ததை அரிசியாகவும் மாவாகவும் விற்கவும் வழி பிறந்தது.

உமி ஒரு பாதுகாப்புப் பெட்டி

பெரிய ஆலை ஒன்றை நகரத்தில் வைத்து, அரைத்த அரிசியை மலைக்கு அனுப்பினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. விடை தானியத்துக்குள்ளேயே இருக்கிறது.

உமிக்கு அடியிலுள்ள தவிட்டில் கொழுப்பு உண்டு. உமி நீங்கித் தவிட்டில் காற்றுப் பட்டதும், அங்குள்ள நொதிகள் கொழுப்பைச் சிதைக்கத் தொடங்குகின்றன. விளைவு, காறல் வாடை. அதனால் உமி நீக்கிய சாமை நெடுநாள் தாங்காது. தவிட்டையும் தீட்டிப் போக்கினால் தாங்கும். ஆனால் அதோடு சத்தும் போய்விடும். உமியோடு இருக்கும் சாமையோ ஆண்டுக்கணக்கில் கெடாது. உரலில் தொல்லை தந்த அதே உமி, குதிரில் காவற்காரனாக நிற்கிறது!

ஆகவே உமியோடு சேர்த்து வைத்து, வேண்டும்போது வேண்டிய அளவு அரைத்துக்கொள்வதே அறிவுடைமை. அதற்கு ஆலை நடந்துபோகும் தூரத்தில் இருக்க வேண்டும்.

ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. இன்று நகரத்து அங்காடிகளில் சாமையும் தினையும் அழகிய பொட்டலங்களில் கிடைக்கின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் விளைவித்தவர் வீட்டுக்கு அருகில் ஆலை இல்லாவிட்டால், சாமை சந்தைக்குப் போகும். அவர் தட்டுக்கு வராது. உணவு விளைந்தால் மட்டும் போதாது, அது வாய்க்கு எட்டவும் வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

வளர்ப்புப் பறவைகளுக்குத் தீனியாகக் கடைகளில் விற்கும் தினை பெரும்பாலும் உமியோடுதான் இருக்கும். அதில் ஒரு கிராமும், நெல் ஒரு கிராமும் பள்ளி ஆய்வுக்கூடத் தராசில் நிறுத்து எண்ணுங்கள். பிறகு ஒரு பிடி தினையின் உமியைக் கையால் நீக்க முயலுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பத்தின் ஒரு வேளைச் சோற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிடுங்கள். உலக்கை பிடித்த கைகளின் அருமை அப்போது விளங்கும்.