களப்பும் கலப்பும்

நம் மாவட்டத்தின் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். மட்டக்களப்பு என்ற பெயரில் உள்ள ‘களப்பு’, கடலோடு தொடர்புடைய, ஆழம் குறைந்த நீர்ப்பரப்பு. ளகரத்துக்குப் பதிலாக லகரத்தை இட்டால் ‘கலப்பு’, அதாவது ஒன்றோடொன்று கலத்தல். ஓர் எழுத்து மாறியதும் வாவியே மறைந்துபோகிறது. இப்படி ஒலியால் நெருங்கிப் பொருளால் விலகும் சொற்களை மயங்கொலிச் சொற்கள் என்கிறோம்.

ஆங்கிலத்திலும் இந்த மயக்கம் உண்டு. கடலைக் குறிக்கும் சொல்லும், ‘பார்’ என்பதைக் குறிக்கும் சொல்லும் ‘சீ’ என்றே ஒலிக்கும். எவ்வளவு திருத்தமாக உச்சரித்தாலும் காதால் அவற்றைப் பிரிக்க முடியாது. எழுத்துக்கூட்டலை மனனம் செய்வதே வழி. தமிழின் நிலை வேறு. ல, ள, ழ மூன்றும் வெவ்வேறு ஒலிகள். நம் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகிவிடுவதால்தான் பேனாவும் தடுமாறுகிறது.

குர்ஆன் மத்ரஸாவில் ஓதப் பழகிய உங்களுக்கு இது புதிதல்ல. ‘கல்ப்’ என்பதை அடிநாவில் பிறக்கும் காஃபால் சொன்னால் இதயம். அதற்குச் சற்று முன்னே பிறக்கும் மற்றக் காஃபால் சொன்னால் நாய். அதனால்தான் அங்கே மக்ரஜைத் திரும்பத் திரும்பத் திருத்துகிறார்கள். தொல்காப்பியத்தின் பிறப்பியலும் இதையே செய்கிறது. நாவின் விளிம்பு தடித்து மேற்பல்லின் அடியை ஒற்றினால் லகரம், வருடினால் ளகரம், நாநுனி மேலெழுந்து அண்ணத்தை வருடினால் ழகரம் என்கிறது.

கட்டுரைகளைத் திருத்தும்போது நான் அடிக்கடி காணும் இணைகள் சில:

வலை – மீன் பிடிப்பது. வளை – கையில் அணிவது, நண்டு ஒளிவது.
வாளை – மீன். வாழை – மரம்.
பல்லி – சுவரில் ஊர்வது. பள்ளி – தொழுமிடம், கற்குமிடம்.
கரை – வாவியின் ஓரம். கறை – சீருடையில் படிவது.
பனி – குளிர்காலத்தில் பெய்வது. பணி – வேலை.
மனம் – உள்ளம். மணம் – வாசனை, திருமணம்.

இவை வெறும் புள்ளிக் கணக்கல்ல. ‘இறையச்சம்’ என்பதை ‘இரையச்சம்’ என்று எழுதினால் படைத்தவனிடம் கொண்ட அச்சம் உணவைக் கண்ட அச்சமாகிவிடும். ‘போதைப்பொருள் ஒழிப்பு’ என்ற பதாகையில் ‘ஒளிப்பு’ என்று வந்துவிட்டால், அதை மறைத்து வைக்கச் சொன்னதாகிவிடும்!

ஐயம் வந்தால் மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, வேர்ச்சொல்லைத் தேடுங்கள். தொழு என்பதிலிருந்து தொழுகை. ஆழ் என்பதிலிருந்து ஆழம். வாழ் என்பதிலிருந்து வாழ்க்கை.

இரண்டாவது, புணர்த்திப் பாருங்கள். வல்லெழுத்து வரும்போது லகரம் பல இடங்களில் றகரமாகும்: கடல், கடற்கரை. ளகரம் டகரமாகும்: முள், முட்கள். ழகரம் மாறாது: யாழ், யாழ்ப்பாணம்.

மூன்றாவது, அடுத்த எழுத்தைக் கவனியுங்கள். டகரத்துக்கு முன் ணகரம்: வண்டு, நண்டு. றகரத்துக்கு முன் னகரம்: கன்று, நன்று.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். நாள்தோறும் 10 நிமிடம் பிள்ளையைப் பத்திரிகையின் ஒரு பகுதியை உரத்து வாசிக்கச் சொல்லி, உம்மாவோ வாப்பாவோ அருகில் இருந்து கேளுங்கள். ழகரம் வரும் இடத்தில் நாவை மடக்கச் சொல்லுங்கள். நாவுக்குப் பழகிய எழுத்தைக் கை எளிதில் மறக்காது.