விரைந்து வளரும் மரங்கள்

கருநாடக மாநிலத்து நந்திமலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணையாறு தெற்கு நோக்கி ஓடி, ஓசூருக்கு அண்மையில் தமிழ்நாட்டினுள் புகுகின்றது. அம்மலையினின்று இப்பகுதிக்கு வந்து சேர்ந்தது ஆறு மட்டுமன்று. மரம் ஒன்றும் வந்து சேர்ந்தது. 1790-ஆம் ஆண்டையொட்டித் திப்பு சுல்தான் ஆஸ்திரேலிய நாட்டுத் தைலமர விதைகளை வருவித்து, நந்திமலைத் தோட்டத்தில் நடுவித்தார் என்பர். அவற்றின் வழிவந்த கலப்பினமே பிற்காலத்தில் மைசூர்த் தைலமரம் எனப் பெயர் பெற்று நாடெங்கும் பரவிற்று.

ஓசூர், கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த செம்மண் மேட்டுநிலம். கேழ்வரகும் அவரையும் துவரையும் கொள்ளும் மானாவாரியாக விளையும் நாடு அது. 1970-களில் தொடங்கிச் சிப்காட் தொழிற்பேட்டை வளர வளர, ஊர்ப்புறத்து இளைஞர் பலர் ஆலை வேலைக்குச் செல்லலாயினர். களையெடுக்கவும் கதிரறுக்கவும் ஆள் கிடைத்தல் அரிதாயிற்று. அந்நிலையில் உழவர் சிலர் தைலமரத்தை நாடியதில் வியப்பில்லை. ஆடுமாடுகள் அதன் இலையைக் கடிப்பதில்லை, காவல் வேண்டுவதில்லை, ஐந்தாறு ஆண்டுகளில் வெட்டி விற்கலாம், வெட்டிய அடிக்கட்டையே மீண்டும் தளிர்த்து மற்றொரு விளைவைத் தரும். அவ்வுழவரைக் குறை கூறுவோர் அவர்தம் வீட்டுக் கணக்கை அறியாதவரே.

விறகுக்கும் காகிதக் கூழுக்குமாக நடப்பெற்ற இத்தகைய மரங்களுக்கு இக்காலத்தில் புதியதொரு பணியும் கூறப்படுகின்றது. ஆலைகள் பெருகுவதற்கு முன், காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமிலவாயு, இப்பொழுது 420 பங்கைக் கடந்துவிட்டது. உலகம் வெம்மையுறுவதற்கு அதுவே தலையாய காரணம். மரமோ பகலொளியின் துணையால் அவ்வாயுவை உட்கொண்டு, அதிலுள்ள கரியைத் தண்டாகவும் வேராகவும் ஆக்கிக்கொள்கின்றது. நன்கு உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரியே. 12 கிலோ கரி முற்றும் எரிந்தால் 44 கிலோ கரியமிலவாயு உண்டாகும். இக்கணக்கின்படி, 1 டன் உலர்ந்த மரம் உருவாவதற்குக் காற்றினின்று ஏறத்தாழ 1.8 டன் வாயு நீங்கியிருத்தல் வேண்டும். கரி என்னும் சொல்லுக்குத் தமிழில் சான்று என்னும் பொருளும் உண்டு. தான் உண்ட வாயுவுக்கு மரம் தானே கரியாய் நிற்கின்றது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. மரம் நிற்கும் வரையில், அல்லது கதவாகவும் கட்டிலாகவும் நிலைத்திருக்கும் வரையில்தான் அக்கரி சேமிப்பாகும். அடுப்பில் வைத்தால் அந்நாளிலேயே அது காற்றிற்குத் திரும்பிவிடும். அவ்வாறாயின் விறகை எரிப்பதால் பயன் யாது? விறகு எரிந்த இடத்தில் நிலக்கரியோ டீசலோ எரியாமல் நின்றதே பயன். அதுவும், வெட்டிய இடத்தில் மீண்டும் மரம் வளர்ந்தாலன்றி உண்மையாகாது.

இதனைச் செய்து காட்டிய சிற்றூர் ஒன்று கருநாடகத்துத் தும்கூர் மாவட்டத்தில் உள்ளது. ஒசஹள்ளி என்பது அதன் பெயர். 1988-ஆம் ஆண்டில் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தார் அங்கே மரவாயுக் கலன் ஒன்றை நிறுவினர். மரச்சில்லுகளை மூடிய கலத்தில் இட்டுக் குறைந்த காற்றில் கனலச் செய்தால், அவை முற்றும் எரியாமல் எரியத்தக்க வாயுவாக மாறும். அவ்வாயுவைத் தூய்மை செய்து பொறியில் செலுத்த, டீசலின் பெரும்பகுதி மிச்சமாயிற்று. வீடுகளில் விளக்கு எரிந்தது; குடிநீர் மேலேறிற்று; மாவரைக்கும் பொறியும் சுழன்றது. அதற்கு வேண்டிய விறகை ஊரார்க்கு அணித்தே வளர்த்த தோப்பு அளித்தது. தோப்பு அண்மையில் இருந்தது பெரும் நன்மை. ஈரமரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீராதலின், தொலைவிலிருந்து அதனை ஏற்றி வருவது நீருக்கு வண்டிக்கூலி கொடுப்பதேயாகும்.

இனி நீரைப் பற்றிய கணக்கு. ஓசூருக்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் உள்ள ஒசகோட்டையில், தைலமரத் தோப்பு ஒன்று எவ்வளவு நீரைப் பருகுகின்றது என்பதை அறிவியலார் மூன்று ஆண்டுகள் அளந்தனர். மழை குறைந்த அம்மூன்று ஆண்டுகளில் பெய்த மழை 2,100 மில்லிமீட்டர். மரங்கள் செலவிட்ட நீரோ 3,400 மில்லிமீட்டர்! எஞ்சிய நீர் எங்கிருந்து வந்தது? அங்கே மண் ஆழமானது. வேர்கள் ஆண்டுக்கு இரண்டரை மீட்டருக்கு மேல் கீழிறங்கி, முன்னாளில் மண்ணில் தேங்கிய ஈரத்தை உறிஞ்சின என அவர்கள் கருதினர். கிணற்றிற்குச் சேரவேண்டிய ஈரம் அதுவே.

மண் ஆழமில்லாத வேறிடங்களில் அளந்தபோது, தைலமரம் அந்நாட்டுக் காட்டுமரங்களைவிட மிகுதியாகப் பருகவில்லை எனத் தெரிந்தது. ஆனால் அவ்விரண்டுமே கேழ்வரகுப் பயிரைப் போல ஏறத்தாழ இருமடங்கு நீரைச் செலவிட்டன. இச்செய்தி ஊன்றி நோக்கத்தக்கது. தைலமரம் ஒன்றையே பழிப்பது எளிது. 2017-ஆம் ஆண்டில் கருநாடக அரசு அதனைப் புதிதாக நடுவதற்குத் தடையும் விதித்தது. ஆனால் அதன் இடத்தில் மலைவேம்போ சவுக்கோ நெருக்கமாக நடப்பெறின், அத்தோப்பும் நீர் கேட்கும். விரைந்து வளர்வது எதுவாயினும் விரைந்து பருகுவதே இயல்பு.

ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெறும் கிருட்டினகிரி மாவட்டத்தில், கிணற்றோரத்தையும் ஏரிக்கு நீர் வரும் சரிவையும் தோப்பாக்குதல் தகாது. வரப்புகளில் இடைவெளிவிட்டுப் புங்கும் மலைவேம்பும் நடலாம்; இடையே கேழ்வரகும் விளையும். மாந்தோப்புகளில் கவாத்து செய்த கிளைகளும் முதிர்ந்து பட்ட மரங்களும் புதிதாக ஒரு குடம் நீரும் கேளாமல் விறகாகும். முழு வயலையும் தைலமரத்திற்கு விட்டவர், பின்னொரு நாள் கேழ்வரகு விதைக்க விரும்பினால், அடிக்கட்டைகளை ஒவ்வொன்றாக இயந்திரங்கொண்டு பெயர்த்த பின்னரே ஏர் பூட்ட இயலும். மரம் விற்ற பணத்தில் ஒரு பகுதி அதற்கே செலவாகிவிடும்.