எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?

சின்னமனூர் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி இருபது வயது மகனோடு வந்திருந்தார்கள். அப்பாவுக்கு இரண்டு ஏக்கரில் பன்னீர் திராட்சைப் பந்தல். அம்மா கையில் ஒரு துணிப்பை. அதைத் திறந்து என் மேஜையில் கொட்டினார். சூரண டப்பா, லேகியம், டானிக் பாட்டில், தாயத்து, மந்திரித்த கயிறு... பதினாறு வருஷத் தேடல் அத்தனையும் அந்தப் பைக்குள்!

''ஐயா, இம்புட்டையும் குடுத்துப் பாத்துட்டோம். இன்னும் என்ன மருந்து இருக்கு?''

பையன் எங்கள் பேச்சைக் கண்டுகொள்ளவில்லை. டப்பாக்களை உயர வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தான். முடித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே, ''2022 மே 26 தேனிக்கு ரயில். 2023 ஜூன் 15 போடிக்கு ரயில்'' என்றான். சரியான தேதிகள்தான். அகல ரயில் பாதை வேலைக்காக 2010 கடைசியில் நின்றுபோன எங்கள் ஊர் ரயில் திரும்பி வந்த நாட்கள்.

அந்த வரிசையில் ஒரு டப்பா எனக்குப் பரிச்சயமாக இருந்தது. திருப்பிப் பார்த்தேன். என் கையெழுத்து! பையனுக்கு ஆறு வயதாக இருந்தபோது, ''மந்தம் மாறும், பேச்சு வரும்'' என்று சொல்லி நானே கொடுத்த லேகியம். ஒரு மண்டலம் என்று ஆரம்பித்து இரண்டு வருஷம் வாங்கிப் போயிருக்கிறார்கள். அந்த இரண்டு வருஷம் பேச்சுப் பயிற்சிக்குப் போயிருக்க வேண்டிய காலம். ''மன்னிச்சுக்கங்கம்மா'' என்றேன். வேறென்ன சொல்ல?

எழுந்து போகும்போதுதான் அப்பா உண்மையான கேள்வியைக் கேட்டார். ''எங்களுக்கப்பறம் இவன யாருய்யா பாப்பா?''

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்காகத்தான்.

நோயா இது?

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்த காலத்தில் ஆட்டிசம் என்ற வார்த்தை வகுப்பில் அபூர்வம். பிறகுதான் தேடிப் படித்தேன். ஆட்டிசமும், ஏ.டி.எச்.டி. என்கிற கவனச்சிதறல் - துறுதுறுப்புக் குறைபாடும் மூளை வளர்கிற விதத்தில் உள்ள வித்தியாசங்கள். வளர்ப்புத் தவறு இல்லை. கர்ப்பத்தில் கிரகணம் பார்த்ததும் இல்லை. தடுப்பூசியும் காரணம் இல்லை. பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரே ஆளுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்பதை அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013ல்தான் ஒப்புக்கொண்டது!

இரண்டையும் வேரோடு போக்கும் மருந்து சித்தத்திலும் இல்லை, அலோபதியிலும் இல்லை. வல்லாரையும் பிரமியும் ஆட்டிசத்தை மாற்றும் என்பதற்கு நிரூபணம் கிடையாது. உலோகம் சேர்ந்த பற்பம், செந்தூரத்தை வருஷக்கணக்கில் பிள்ளைகளுக்குக் கொடுப்பது ஆபத்து. லட்சக்கணக்கில் பணம் கேட்கும் ஸ்டெம் செல் சிகிச்சையை நம்பித் தோட்டத்தை விற்காதீர்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியமே 2022ல் சொல்லிவிட்டது.

''அப்ப வைத்தியரு எதுக்கு?'' என்று கேட்பீர்கள். மலச்சிக்கல், தூக்கமின்மை, நாலே பண்டத்தை மட்டும் தின்னும் பழக்கம்... இவை இந்தப் பிள்ளைகளிடம் அதிகம். அவற்றைச் சரிசெய்தாலே பாதி முரட்டுத்தனம் அடங்கும். வயிறு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவன் தலையைச் சுவரில் மோதத்தானே செய்வான்?

மருத்துவ உலகின் முதல் பையன்

1943ல் லியோ கானர் என்ற டாக்டர் அமெரிக்காவில் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். ஆட்டிசம் பற்றிய பேச்சு அங்கிருந்துதான் வளர்ந்தது. அதில் முதல் பையன் டொனால்ட் டிரிப்லெட், மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊர்க்காரர். கொஞ்ச காலம் ஒரு விவசாயத் தம்பதி வீட்டில் தங்கி வளர்ந்தார். சோள வரிசையைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டே இருப்பார். அந்தத் தம்பதி திட்டவில்லை. ''உழுதுக்கிட்டே எண்ணு'' என்று ஏரைக் கையில் கொடுத்துவிட்டார்கள்! எதைப் பார்த்தாலும் அளப்பார். கிணறு வெட்டவிட்டு ஆழத்தை அளந்து சொல்லச் சொன்னார்கள்.

பிறகு கல்லூரி முடித்தார். பேங்கில் வேலை பார்த்தார். கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், தனியாக உலகம் சுற்றினார். வசதியான குடும்பம், அந்த பேங்கிலும் சொந்தக்காரர்களுக்குப் பங்கு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் காசு மட்டும் காரணமில்லை. 'அவர் அப்படித்தான்' என்று ஊரே ஏற்றுக்கொண்டது. 89 வயதுவரை வாழ்ந்து, 2023 ஜூன் 15ல் காலமானார். ஆமாம், போடிக்கு ரயில் வந்த அதே நாள்!

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கும் சின்னச் சின்ன ஊர்கள்தான். டீக்கடைக்காரருக்கும் கண்டக்டருக்கும் நம் பிள்ளையைத் தெரியும். பட்டணத்தில் கிடைக்காத இந்தப் பாக்கியத்தை நாம் பயன்படுத்துவதில்லை. வெட்கப்பட்டு வீட்டுக்குள் பூட்டி வைக்கிறோம்.

வளர்ந்த ஆட்டிசப் பிள்ளை உள்ள வீட்டில்...

* நாளின் வேலைகளைப் படமாகவோ எழுத்தாகவோ சுவரில் ஒட்டுங்கள். மாற்றம் இருந்தால் முதல் நாளே சொல்லுங்கள்.

* ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள். ஜாடைப் பேச்சு வேண்டாம். 'கண்ணைப் பார்த்துப் பேசு' என்று கட்டாயப்படுத்தாதீர்கள்.

* சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு எல்லோரும் போவோம். மேளமும் வேட்டும் கூட்டமும் இவர்களுக்குச் சித்திரவதையாக இருக்கலாம். காதைப் பொத்திக் கத்தினால் அது திமிர் இல்லை. கூட்டம் குறைந்த நேரத்தில் கூட்டிப் போங்கள், காதில் பஞ்சு வையுங்கள்.

* தண்ணீரைக் கண்டால் ஓடுகிற பிள்ளைகள் பலர். முல்லைப் பெரியாறும் வாய்க்காலும் கிணறும் நிறைந்த ஊர் நம்முடையது. பக்கத்தில் ஆள் நின்று நீச்சல் கற்றுக் கொடுங்கள். பழகிவிட்டான் என்று தனியே விடாதீர்கள்.

* மாதவிலக்கு, சவரம், உடம்பைப் பிறர் தொடக்கூடாது என்பதையெல்லாம் பருவம் வருமுன்பே பழக்குங்கள்.

* வளரும் வயதில் வலிப்பு தலைகாட்டலாம். உடனே டாக்டரிடம் போங்கள். மந்திரிக்க நேரம் கடத்தாதீர்கள்.

நானும் அப்படித்தானா?

ஏ.டி.எச்.டி. என்றால் எல்லோர் கண்ணுக்கும் ஓடித் திரியும் பையன்தான் தெரிகிறான். உத்தமபாளையம் பக்கம் ஒரு டீச்சரம்மா, மகனைக் காட்ட வந்தார். குறிகளை ஒவ்வொன்றாக நான் கேட்கக் கேட்க அவர் கண் கலங்கியது. ''சார், இதெல்லாம் எனக்கும் இருக்கு. பால் பொங்காத நாளே கிடையாது. சாவி தொலையாத வாரமே கிடையாது. சோம்பேறி, பொறுப்பில்லாதவனு கேட்டுக் கேட்டு நாப்பது வயசாயிருச்சு!''

பெண்களிடம் இது பெரும்பாலும் சத்தமில்லாமல் இருக்கும். வகுப்பில் ஜன்னல் ஓரம் கனவு காணும் பெண்ணை யார் டாக்டரிடம் கூட்டிப் போகிறார்கள்? தைராய்டு, ரத்தசோகை, மனச்சோர்வு இல்லையா என்று முதலில் பார்த்துவிட்டு மனநல மருத்துவரிடம் அனுப்பினேன். க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் மனநலப் பிரிவு இருக்கிறது. 'மனநலம்' என்ற பலகையைப் பார்த்துக் கூச்சப்படாதீர்கள். ஏ.டி.எச்.டி.க்கு மெத்தில்ஃபெனிடேட் போன்ற மாத்திரைகள் பலருக்கு நல்ல பலன் தருகின்றன. டாக்டர் சொல்லாமல் ஆரம்பிக்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. நாட்டு மருந்து சாப்பிட்டால் அதை அவரிடம் மறைக்கவும் கூடாது.

மாத்திரையோடு பழக்கமும் வேண்டும். சாவிக்கு ஒரே ஆணி. வேலையை இருபது நிமிஷத் துண்டுகளாக உடைத்து அலாரம். கணக்கு எழுதும்போது பக்கத்தில் ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலே கை ஓடும். தினமும் வேர்க்க நடை, நேரத்துக்குத் தூக்கம். அவசரத்தில் கடன் வாங்குவதும், வேகமாக பைக் ஓட்டுவதும், போதையில் விழுவதும் இவர்களிடம் அதிகம் என்பதால் வீட்டார் இளவயதிலேயே நட்போடு பேசி வைக்க வேண்டும்.

'கல்யாணம் பண்ணினா சரியாயிரும்' என்ற வைத்தியம் மட்டும் வேண்டவே வேண்டாம். விருப்பமும் பக்குவமும் இருந்து, உண்மையைச் சொல்லிச் செய்யும் கல்யாணம் வேறு. மறைத்துச் செய்வது இரண்டு உயிரை வதைப்பது.

சட்டம் என்ன தருகிறது?

2016ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் உண்டு. அரசு மருத்துவக் குழு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று சான்று தந்தால் உயர்கல்வி, வேலை இட ஒதுக்கீட்டுக்கு வழி இருக்கிறது. ஏ.டி.எச்.டி. தனியாக அந்தப் பட்டியலில் இல்லை. சென்னை முட்டுக்காட்டில் 2005லிருந்து மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோர் தேசிய நிறுவனம் இயங்குகிறது. மதிப்பீடும் பயிற்சியும் அங்கே கிடைக்கும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: பிள்ளைக்கு 18 வயது முடிந்துவிட்டால் பெற்றோர் தானாகவே சட்டப்படியான பாதுகாவலர் ஆகிவிட மாட்டார்கள். தேசிய அறக்கட்டளைச் சட்டம் (1999) ஆட்டிசத்துக்கும் பொருந்தும். கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனு கொடுத்துப் பாதுகாவலரை நியமிக்கலாம். எல்லோருக்கும் இது தேவைப்படாது. சொந்தமாக முடிவெடுக்கக்கூடியவரின் உரிமையைப் பறிக்கவும் கூடாது. தேவைப்படுகிற வீட்டில் தள்ளிப் போடாதீர்கள்.

மனம் உடைந்து, 'செத்துடலாம்' என்று பிள்ளையோ பெற்றவரோ நினைத்தால் 14416க்கு உடனே போன் செய்யுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் அது.

சரி, அந்தத் திராட்சைத் தோட்டத்துப் பையன்? உயர வாரியாக டப்பா அடுக்கியவனுக்கு என்ன வேலை பொருந்தும் என்று யோசித்தோம். போடியில் தெரிந்த ஒருவரின் ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கும் வேலை. வெடித்த காய், நிறம் மங்கிய காய் ஒன்று தப்பாது! முதல் மாதம் மிஷின் சத்தம் தாங்காமல் மூன்று முறை ஓடி வந்துவிட்டான். சத்தமில்லாத மூலையில் இடம் மாற்றிக் கொடுத்தார் கடைக்காரர். இப்போது அரை நாள் வேலை. சம்பளம் மற்றவர்களைவிடக் குறைவுதான். பேச்சும் அதேபோல்தான், நாலு வார்த்தை.

போன மாதம் அப்பா வந்தார். அக்கா மகன் ஒருவனைப் பாதுகாவலராக்க மனு எழுதியிருக்கிறார். பஸ் கண்டக்டர்கள் இரண்டு பேரிடம் போன் நம்பர் கொடுத்து வைத்திருக்கிறார். ''அன்னைக்கி உடம்பு சரியில்லனு இவன் போகல. கடைக்காரரு போன் பண்ணி, தம்பி ஏன் வரலனு கேட்டாருய்யா'' என்றார். சொல்லும்போதே அவருக்குக் குரல் உடைந்தது. மகனைக் காணோமே என்று வீட்டுக்கு வெளியே ஒருவர் தேடியது அதுதான் முதல் தடவையாம்.