அலகும் மில்லிகிராமும்: கலவை மருந்துகள் பற்றிய சில தெளிவுகள்

சொல் ஒன்றைப் பிழையாகப் பொருள்கொண்டால் தேர்வில் மதிப்பெண் குறையும். மருந்தின் அளவைக் குறிக்கும் சொல்லைப் பிழையாகப் பொருள்கொண்டாலோ உடல்நலமே குலையக்கூடும். உடல் எடையைக் குறைக்கும் மருந்துகளைப் பயன்படுத்தியவர்களிடையே அமெரிக்காவில் இத்தகைய பிழைகள் அண்மையில் நேர்ந்துள்ளன. அவை எவ்வாறு நேர்ந்தன என்பதை இங்கு விளக்க முற்படுகிறோம்.

செமாகுளூட்டைடு என்பது வாரம் ஒருமுறை தோலுக்கடியில் செலுத்தப்படும் ஊசி மருந்து. உணவு உண்டபின் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்னும் இயக்குநீரைப் போன்று அது செயல்படுகிறது, பசியைத் தணிக்கிறது, இரைப்பையிலிருந்து உணவு வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இம்மருந்துக்கு 2017இல் ‘ஒசெம்பிக்’ என்னும் வணிகப் பெயரில் இரண்டாம் வகை நீரிழிவுக்காகவும், 2021இல் ‘வெகோவி’ என்னும் பெயரில் உடல் எடைக் குறைப்புக்காகவும் ஒப்புதல் அளித்தது. தேவை பெருகியதால் 2022இல் தட்டுப்பாடு ஏற்பட்டது. வெகோவியின் பட்டியல் விலையும் மாதத்திற்கு ஏறத்தாழ 1,350 டாலராக இருந்தது. காப்பீடு இல்லாதோர் பலர் விலை குறைந்த ‘கலவை மருந்தை’ நாடினர்.

கலவை மருந்து என்றால் என்ன? மருத்துவர் ஒரு நோயாளிக்கென எழுதித்தரும் சீட்டின்படி மருந்தாளுநர் மூலப்பொருள்களைக் கலந்து ஆக்கித் தருவதே கலவை மருந்து. மாத்திரையை விழுங்க இயலாத குழந்தைக்கு அதனைத் திரவமாக்கித் தருவதும், மருந்திலுள்ள நிறமூட்டி ஒவ்வாதவருக்கு அதனை நீக்கித் தருவதும் இவ்வகையைச் சேர்ந்தவை. ‘கலவை’, ‘கலப்படம்’ ஆகிய இரண்டும் ‘கல’ என்னும் வேரினின்று பிறந்தவை எனினும், பொருளால் வேறுபட்டவை. ஆகவே, கலவை மருந்து என்றதும் போலி மருந்து என அஞ்சுதல் பொருந்தாது.

எனினும், பெயர் ஒன்றாக இருப்பதாலேயே மருந்தும் ஒன்றே எனக் கருதுதலும் பொருந்தாது. பொதுப்பெயர் மருந்து விற்பனைக்கு வருமுன், மூல மருந்துக்கு இணையானது என்பதை அதன் தயாரிப்பாளர் மெய்ப்பிக்க வேண்டும். கலவை மருந்துக்கு இத்தகைய முன்சோதனை இல்லை. அதன் பாதுகாப்பையும் பயனையும் தரத்தையும் அரசு நிர்வாகம் முன்கூட்டி ஆராய்வதில்லை. செமாகுளூட்டைடுக்கு மாற்றாக அதன் சோடியம், அசிட்டேட்டு உப்புகள் சில இடங்களில் பயன்படுத்தப்பட்டதையும் அந்நிர்வாகம் சுட்டிக்காட்டியுள்ளது. ஒப்புதல் பெற்ற மருந்தில் உள்ள வேதிப்பொருள் அந்த உப்பு வடிவம் அன்று.

தயாரிப்பில் தூய்மை குன்றினால் விளையும் கேட்டினையும் அந்நாடு கண்டுள்ளது. 2012இல் மாசடைந்த கலவை ஊசி மருந்தொன்றினால் 750க்கும் மேற்பட்டோர் மூளையுறை அழற்சி முதலிய பூஞ்சைத் தொற்றுகளுக்கு ஆளாயினர். அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் விளைவாக 2013இல் கலவை மருந்துத் தயாரிப்பைப் பற்றிய சட்டம் திருத்தப்பட்டது.

இனி, அளவைப் பற்றிய குழப்பத்திற்கு வருவோம். வெகோவி, உரிய அளவு முன்னரே நிரப்பப்பட்ட ஊசிப்பேனாவாக வருகிறது. கலவை மருந்தோ பெரும்பாலும் குப்பியில் வருகிறது. நோயாளியே ஊசிக்குழலில் எடுத்துச் செலுத்த வேண்டும். அதற்குத் தரப்படும் இன்சுலின் ஊசிக்குழலில் ஒரு மில்லிலிட்டர் 100 அலகுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இன்சுலினுக்கென வகுக்கப்பட்ட அவ்வலகு, செமாகுளூட்டைடைப் பொறுத்தவரை கொள்ளளவை மட்டுமே காட்டும். மருந்தின் எடையைக் காட்டாது.

ஒரு மில்லிலிட்டரில் 5 மில்லிகிராம் மருந்துள்ள குப்பியை எடுத்துக்கொள்வோம். தொடக்க அளவாகிய 0.25 மில்லிகிராமுக்கு அதில் 5 அலகு போதும். செறிவு 2.5 மில்லிகிராமாயின் 10 அலகு வேண்டும். முதற் குப்பியிலிருந்து ஒருவர் ‘25’ என்னும் எண்ணை நினைவிற்கொண்டு 25 அலகு எடுத்தால், உடலுட் செல்வது 1.25 மில்லிகிராம், அதாவது ஐந்து மடங்கு. 2024 ஜூலையில் அந்நிர்வாகம் வெளியிட்ட எச்சரிக்கையின்படி, சிலர் 5 முதல் 20 மடங்கு வரை மிகுதியாகச் செலுத்திக்கொண்டனர். மருத்துவத் துறையினர் சிலரும் கணக்கிடுவதில் தவறினர். கடும் வாந்தி, மயக்கம், நீரிழப்பு, கணைய அழற்சி முதலியன நேர்ந்தன. இம்மருந்தின் பாதியளவு உடலைவிட்டு நீங்கவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும் என்பதால், பிழையின் விளைவும் விரைவில் நீங்குவதில்லை.

2025 பிப்ரவரியில் செமாகுளூட்டைடுத் தட்டுப்பாடு நீங்கியதாக அறிவிக்கப்பட்டது. ஒப்புதல் பெற்ற மருந்தின் நகலைத் தட்டுப்பாட்டுக் காலத்தில் கலந்து தயாரிப்பதற்கு இருந்த சட்டத் தளர்வும் அதனைத் தொடர்ந்து முடிவுக்கு வந்தது.

அறிவியல் ஆசிரியரும் மொழி ஆசிரியரும் இணைந்து கற்பிக்கத்தக்க பாடம் இது. குப்பியின் மேலுள்ள சிட்டையைப் படிக்கும் மாணவர், செறிவு எவ்வளவு, எழுதப்பட்ட எண் மில்லிகிராமா மில்லிலிட்டரா அலகா, தயாரித்தவர் யார், ஒப்புதல் உண்டா என வினவப் பழக வேண்டும். இவற்றுள் ஒன்றுக்கேனும் விடை தெளிவாகக் கிட்டாவிடில், ஊசியைக் கையில் எடுக்குமுன் மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேட்டறிய வேண்டும்.